நம் உடம்பிலேயே குடியிருக்கும் காற்றில்லா பாக்டீரியா: ஆய்வக ஜன்னலில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

சென்னையில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சீழ், ரத்தம், சளி என்று வார்டுகளிலிருந்து வருகிற மாதிரிகளை வாங்கும் ஜன்னல் எங்கள் அறையில்தான் இருக்கிறது. நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள், நர்சுகள், புதிதாகச் சேர்ந்த பயிற்சி மருத்துவர்கள் எல்லோரும் அங்கே நின்று கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். "வெளிய எங்கயும் சாப்பிடலியே, இந்தக் கிருமி எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்பவரிடம் "அவர் உடம்பிலேயே இருந்ததுதான்" என்றால் முகம் வாடிப்போகிறது. ஏதோ சுத்தக்குறைவு என்று நாம் பழி சொல்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். அந்த வருத்தத்துக்கு இடமே இல்லை என்று நிதானமாகச் சொல்ல ஜன்னலில் நேரம் கிடைப்பதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

"தினமும் ரெண்டு வேளை குளிக்கிறவங்க உடம்புலயும் கிருமி இருக்குமா?"

இருக்கும். எல்லோருக்கும் இருக்கும், இருந்தே ஆக வேண்டும். ஒரு மனித உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-ல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. நம் சொந்த செல்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ அதே அளவுதான். பிறந்த நாளிலிருந்து தாயிடமிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் வந்து சேர்ந்து குடியேறியவை இவை.

பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. ஒரு கிராம் மலத்தில் 10,000 கோடி அளவுக்கு எண்ணலாம். அதில் ஆக்ஸிஜனைத் தாங்கும் ஒன்றுக்கு ஆக்ஸிஜன் ஆகாதவை ஆயிரம் என்ற விகிதம். இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான் காற்றில்லா பாக்டீரியா என்கிறோம். ஆய்வகப் பேச்சில் 'அனரோப்'. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் உள்ள இடுக்கு, டான்சில் குழிகள், பெண்களின் பிறப்புறுப்புப் பாதை, தோலில் மயிர்க்கால்களின் அடிப்பகுதி இவையும் இவற்றின் வீடுகள்தான். குளித்தால் இவை போகாது, போகவும் தேவையில்லை.

"ரத்தம் முழுக்க ஆக்ஸிஜன் ஓடுதே, காத்து ஆகாத கிருமி உள்ள எப்படிப் பிழைக்குது?"

நல்ல கேள்வி. ரத்தம் ஓடும் திசுவில் இவற்றால் நிம்மதியாக வாழ முடியாது என்பது உண்மைதான். ஆனால் குடலின் உட்புறம் ரத்தம் ஓடும் இடம் கிடையாது. அங்கே சிறிதளவு ஆக்ஸிஜன் கசிந்தாலும் ஈ.கோலை போன்ற, காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் சமாளிக்கும் பாக்டீரியாக்கள் முதலில் அதை உறிஞ்சித் தீர்த்துவிடும். பல்லில் படியும் படலமும் அப்படித்தான். மேலடுக்கில் இருப்பவை காற்றை எடுத்துக்கொள்ள, அடியில் இருப்பவைக்குக் காற்றில்லாத இடம் கிடைக்கிறது.

1861-ல் லூயி பாஸ்டர் நுண்ணோக்கியில் ஒரு துளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். துளியின் ஓரத்தில், காற்றுபடும் பக்கம் இருந்த பாக்டீரியாக்கள் அசையாமல் நின்றுவிட்டன. நடுவில் இருந்தவை நீந்திக்கொண்டிருந்தன. காற்று சில உயிர்களுக்கு நஞ்சு என்று அங்கேதான் தெரிந்தது. செல்லுக்குள் ஆக்ஸிஜன் நுழையும்போது உருவாகும் கெடுதலான பொருட்களை முறித்துப்போட நம் செல்களில் நொதிகள் உண்டு. இந்தப் பாக்டீரியாக்கள் பலவற்றில் அவை இல்லை, அல்லது போதாது. சில வகைகள் மட்டும் காற்றில் பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும். நோய் கொடுப்பதில் முன்னால் நிற்பவையும் அவையே.

"இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப ஏன் வேலையைக் காட்டுது?"

பாக்டீரியா மாறவில்லை, அதன் இடம் மாறிவிட்டது. குடலின் உள்ளே இருக்கும்வரை அதற்கும் நமக்கும் நடுவில் ஒரு சளிப்படலமும் ஒரு செல் வரிசையும் சுவராக நிற்கின்றன. குடல்வால் வெடித்தாலோ, கத்திக்குத்து விழுந்தாலோ, புற்றுநோய் சுவரை அரித்தாலோ, அறுவை சிகிச்சையில் தையல் கசிந்தாலோ அந்தச் சுவர் போய்விடுகிறது. வாயில் சொத்தைப் பல் ஒரு கதவு. பக்கவாதத்தில் விழுங்கும் திறன் போனவருக்கு எச்சிலே மூச்சுக்குழாய்க்குள் வழி காட்டுகிறது.

ஆனால் சுவர் உடைந்தால் மட்டும் போதாது. தினமும் பல் தேய்க்கும்போதுகூடக் கொஞ்சம் பாக்டீரியா ரத்தத்தில் கலக்கிறது, ஒன்றும் ஆவதில்லை. போய்ச் சேரும் இடத்தில் ஆக்ஸிஜன் குறைந்திருக்க வேண்டும். நசுங்கிய சதை, ரத்தக்குழாய் அடைத்த கால், உள்ளே தேங்கிய ரத்தக்கட்டு, ஏதாவது அந்நியப் பொருள் இதெல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். கூடவே ஈ.கோலை போன்ற துணையும் வந்துவிட்டால் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனையும் அது காலி செய்து தரும். அதனால்தான் இந்தத் தொற்றுகளில் பெரும்பாலும் ஒரே கிருமி இருப்பதில்லை. ஒரே சீழில் நாலைந்து வகை சேர்ந்தே வரும்.

"அப்பென்டிக்ஸ் வெடிச்சா மட்டும் டாக்டருங்க ஏன் இவ்வளவு பதறுறாங்க?"

மேலே சொன்ன எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பது அங்கேதான். அடைபட்டு வீங்கி ரத்த ஓட்டம் நின்ற குடல்வால் கிழிகிறது, பெருங்குடலின் கூட்டம் அப்படியே வயிற்றறைக்குள் கொட்டுகிறது. குடல்வால் நோயில் காற்றில்லா பாக்டீரியாவின் பங்கை வேய்யோன், ஸூபேர் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1898-லேயே எழுதிவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு சோதனை இதில் உண்டு. 1970-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளின் வயிற்றறைக்குள் பெருங்குடல் கழிவை வைத்துப் பார்த்தார்கள். முதல் சில நாட்களில் பல எலிகள் கடுமையான தொற்றில் இறந்தன. அவற்றின் ரத்தத்தில் ஈ.கோலை இருந்தது. பிழைத்த எலிகளுக்கு ஒரு வாரத்தில் வயிற்றில் சீழ்க்கட்டிகள். அவற்றில் காற்றில்லா பாக்டீரியா. ஈ.கோலையைக் கொல்லும் ஜென்டாமைசின் மட்டும் கொடுத்தபோது சாவு குறைந்தது, கட்டி வந்தது. காற்றில்லாதவற்றைக் கொல்லும் கிளிண்டாமைசின் மட்டும் கொடுத்தபோது கட்டி குறைந்தது, சாவு குறையவில்லை. இரண்டும் கொடுத்தபோதுதான் எலி பிழைத்தது, கட்டியும் அடங்கியது. வயிற்றுத் தொற்றுக்கு இரு வகைக் கிருமிகளையும் பிடிக்கும்படி மருந்து கொடுப்பது இந்தப் பாடத்திலிருந்து வந்தது.

இதில் முக்கியப் புள்ளி பாக்டீராய்டிஸ் ஃப்ராஜிலிஸ். குடலில் அது ஒரு சிறுபான்மைதான். ஆனால் வயிற்றுச் சீழ்க்கட்டியில் அதிகம் கிடைக்கும் காற்றில்லா பாக்டீரியா அதுவே. அதைச் சுற்றியுள்ள சர்க்கரைப் பொருளாலான உறை, உடம்பைக் கட்டி கட்டும்படி தூண்டுகிறது. காற்றில் சற்றுத் தாக்குப்பிடிக்கும் வகையும்கூட.

"சீழ் ஏன் இப்படி நாறுது? நாத்தம் இல்லன்னா இது இல்லன்னு அர்த்தமா?"

காற்றில்லாமல் புரதத்தை உடைத்துச் சாப்பிடும்போது இவை வெளியிடும் அமீன்களும் கொழுப்பு அமிலங்களும்தான் அந்த வாடை. வார்டில் ட்ரெஸ்ஸிங்கைப் பிரித்த உடனே "இது அனரோப்" என்று மூத்த நர்சுகள் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

மறுபக்கம் அப்படி இல்லை. வாடையே இல்லாத சீழிலும் இவை கிடைக்கின்றன. ஆகவே நாற்றம் இருந்தால் சந்தேகத்தை உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சந்தேகத்தை விட்டுவிடாதீர்கள். நோயாளியின் முகத்துக்கு நேரே மூக்கைப் பொத்தாதீர்கள் என்று கூட இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அவர் வெட்கப்பட்டே பலநாள் புண்ணை மறைத்து வைத்திருப்பார்.

"இது ஒட்டிக்குமா? குழந்தையைப் பக்கத்துல படுக்க வைக்கலாமா?"

ஒட்டாது. அவரிடம் இருப்பது உங்களிடமும் இருக்கிறது. அவருக்குச் சுவர் உடைந்தது, உங்களுக்கு உடையவில்லை. திறந்த புண்ணைத் தொட்டால் கை கழுவுவது எப்போதும் வேண்டியதுதான், ஆனால் தனித் தட்டு, தனி அறை எதுவும் வேண்டாம். விதிவிலக்காக ஒன்று உண்டு. ஆன்டிபயாடிக்குக்குப் பின் வரும் வயிற்றுப்போக்கு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

"சொத்தைப் பல்லுதானே? மாத்திரை போட்டா வலி போயிடுது. அப்புறம் எதுக்குப் பிடுங்கச் சொல்றாங்க?"

வலி போகிறது, கதவு திறந்தே இருக்கிறது. பல்லின் உள்கூழ் செத்துவிட்டால் அங்கே ரத்த ஓட்டமே கிடையாது. அதனால் மாத்திரையும் அங்கே போய்ச் சேராது. வேர் சிகிச்சை செய்து உள்ளே சுத்தம் செய்ய வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும். கிராம்புத் தைலம் வலியை மரத்துப்போகச் செய்யும், அவ்வளவுதான்.

கீழ்க் கடைவாய்ப்பல்லிலிருந்து தொற்று நாக்கின் அடியிலும் தாடைக்குக் கீழேயும் பரவுவதை 1836-ல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்தார். கழுத்து மரக்கட்டை போல இறுகி, நாக்கு மேலே தூக்கி, மூச்சே அடைபடும். தொண்டைத் தொற்றிலிருந்து கழுத்தின் பெரிய சிரைக்குள் ரத்தம் உறைந்து, அங்கிருந்து நுரையீரலுக்குச் சீழ் சிதறும் இன்னொரு நோயை 1936-ல் லெமியேர் எழுதினார். அதற்குக் காரணமான ஃபியூசோபாக்டீரியமும் காற்றில்லா வகைதான், அதுவும் ஆரோக்கியமான இளம் வயதினருக்கு வருவது.

பல்வலியோடு வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, தாடைக்குக் கீழே வீங்குகிறது, குரல் மாறுகிறது என்றால் காலை வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். அந்த நிலைக்குப் போகாமலிருக்க, பணம்தான் தடை என்றால் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல்லுக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று தயங்காதீர்கள்.

"அப்பாவுக்கு ஸ்ட்ரோக். இப்ப நுரையீரல்ல சீழ்னு சொல்றாங்க. சளி பிடிக்கவே இல்லையே?"

முந்தைய பதிலில் சொன்ன அதே வாய்க் கூட்டம்தான், போன வழி வேறு. தூக்கத்தில் நம் எல்லோருக்கும் கொஞ்சம் எச்சில் மூச்சுக்குழாயில் இறங்கும். இருமலும் நுரையீரலின் காவலும் அதைத் துடைத்துவிடும். பக்கவாதம், வலிப்பு, அளவு மீறிய குடி, மயக்கம் இவற்றில் அந்தக் காவல் இல்லை. ஈறு கெட்டிருந்தால் இறங்கும் எச்சிலில் பாக்டீரியா பல மடங்கு. முதலில் நிமோனியா, ஒன்றிரண்டு வாரத்தில் அந்த இடம் குழிவிழுந்து சீழ், துர்நாற்றம் அடிக்கும் சளி. பற்களே இல்லாத முதியவருக்கு இது அபூர்வம் என்பதிலிருந்து ஈறுகளின் பங்கு எவ்வளவு என்று புரிந்துகொள்ளலாம்.

வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. படுக்கவைத்தபடி கஞ்சி ஊட்டாதீர்கள். உட்காரவைத்து, சிறிது சிறிதாக, விழுங்கிவிட்டாரா என்று பார்த்து ஊட்டுங்கள். ஊட்டி முடித்து அரை மணி நேரம் சாய்ந்தே இருக்கட்டும். பேச முடியாதவர் என்பதற்காகப் பல் தேய்த்துவிடுவதை நிறுத்திவிடாதீர்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டிருப்பவருக்கும் வாய் சுத்தம் தினமும் வேண்டும்.

"காதுல சீழ் வருது. பூண்டு காய்ச்சின எண்ணெய் விடலாமா?"

வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நடுக்காதுக்குள் போகும். மாதக்கணக்கில் வாடையோடு சீழ் வடியும் காதில், எலும்பை அரிக்கும் ஒரு வளர்ச்சி இருக்கக்கூடும். நடுக்காதுக்கும் மூளைக்கும் நடுவில் இருப்பது மெல்லிய எலும்புத் தகடு. மூளைச் சீழ்க்கட்டிக்குக் காது, சைனஸ், பல் மூன்றும் தெரிந்த வழிகள். காதில் சீழோடு விடாத தலைவலி, வாந்தி, காய்ச்சல், தள்ளாட்டம் வந்தால் அன்றே ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

"சுகர் இருக்கு. கால்ல சின்னப் புண்ணுதான். எதுக்கு அட்மிஷன்?"

வெளியே தெரிவதை வைத்துச் சொல்ல முடியாததால்தான். சர்க்கரை நோயில் காலின் உணர்வு குறைகிறது, ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, வெள்ளையணுக்கள் சோர்ந்துபோகின்றன. மூன்றாவது கேள்வியில் சொன்ன 'ஆக்ஸிஜன் குறைந்த இடம்' தயாராகவே இருக்கிறது. மே மாத வெயிலில் கோயில் பிரகாரத்தின் கருங்கல்லில் செருப்பில்லாமல் சுற்றி வந்து, கொப்புளம் வந்ததே தெரியாமல் நாலு நாள் கழித்து வருபவர்கள் உண்டு. பிரகாரம் சுற்றுவதை விடச் சொல்லவில்லை. காலையில் சீக்கிரம் போங்கள், அல்லது கனமான சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

புண் ஆழமாகி, கருத்த சதையும் வாடையும் வந்துவிட்டால் அங்கே காற்றில்லாதவை சேர்ந்துவிட்டன என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தோலை அழுத்தினால் நொறுநொறுவென்று காற்று நகர்வது போலிருந்தால் அது அவசரம். மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு விரலுக்குச் சமம்.

"வெள்ளைப்படுது, மீன் வாடை அடிக்குது. வீட்டுக்காரர்கிட்ட இருந்து வந்துச்சா?"

இதைக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். அதனால் தெளிவாகச் சொல்கிறேன். பிறப்புறுப்புப் பாதையில் லாக்டோபாசிலஸ் என்ற பாக்டீரியாக்கள் அமிலத்தைச் சுரந்து மற்றவற்றை அடக்கி வைத்திருக்கின்றன. அவை குறைந்தால் ஏற்கெனவே அங்கே சிறிய அளவில் இருந்த கார்ட்னெரெல்லாவும் ப்ரீவோடெல்லா போன்ற காற்றில்லாதவையும் பெருகுகின்றன. இதற்கு யார்மீதும் பழி போட முடியாது. தாம்பத்திய உறவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்றாலும், இதை வைத்துக் கணவரின் நடத்தையையோ மனைவியின் நடத்தையையோ முடிவு செய்வது தவறு.

வாசனை சோப்பு, டெட்டால் கலந்த தண்ணீர் விட்டு உள்ளே கழுவுவது லாக்டோபாசிலஸை இன்னும் குறைத்து நிலைமையைக் கெடுக்கும். வெளிப்புறம் வெறும் தண்ணீர் போதும். கர்ப்பிணிகள் தாமதிக்காமல் காட்ட வேண்டும். அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் யாராக இருந்தாலும் உடனே போக வேண்டும்; கருக்குழாய்வரை ஏறியிருக்கலாம்.

"கட்டியை மாத்திரையிலேயே கரைக்க முடியாதா? கத்தி வைக்காம?"

சிறிய கட்டிகள் சில கரையும். பெரியவை பெரும்பாலும் கரையாது. கட்டியைச் சுற்றி உடம்பே ஒரு தடித்த சுவர் எழுப்பியிருக்கிறது, உள்ளே ரத்தக்குழாய் இல்லை, அமிலத்தன்மை அதிகம், செத்த செல்கள் மருந்தை உறிஞ்சிக்கொள்கின்றன. பாக்டீராய்டிஸ் போன்றவை பென்சிலினை உடைக்கும் நொதியையும் அந்தக் குளத்தில் கலந்து வைத்திருக்கும். எத்தனை பாட்டில் ஏற்றினாலும் நடுவில் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். சீழ் வெளியேறியதும் ரத்தம் அங்கே வருகிறது, ரத்தத்தோடு ஆக்ஸிஜனும் மருந்தும் வருகின்றன. இப்போதெல்லாம் பல கட்டிகளை ஸ்கேன் பார்த்தபடி ஊசியாலோ மெல்லிய குழாயாலோ வடித்துவிடுகிறார்கள். கத்தி என்று முதலிலேயே பயப்பட வேண்டாம்.

"வயித்துப்போக்குக்குக் கொடுக்கிற மெட்ரோனிடசோலைப் பல்லுக்கும் கொடுக்கிறாங்களே, சரியா?"

சரிதான். அந்த மருந்து முதலில் வந்தது ட்ரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணிக்காக. அதற்காகச் சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு ஈறுப் புண்ணும் சேர்ந்து ஆறிவிட்டது. 1962-ல் அதைக் கவனித்து எழுதினார் ஷின் என்ற பிரிட்டிஷ் பல் மருத்துவர். காற்றில்லா பாக்டீரியாவை இது கொல்லும் என்பது அப்படித்தான் தெரியவந்தது. செல்லுக்குள் ஆக்ஸிஜன் இல்லாத சூழலில்தான் இந்த மருந்து விழித்தெழுந்து டிஎன்ஏவைச் சிதைக்கிறது. ஆகவே ஈ.கோலையை இது ஒன்றும் செய்யாது. லாக்டோபாசிலஸையும் பெரும்பாலும் விட்டுவைக்கிறது, வெள்ளைப்படுதல் பற்றிய கேள்விக்கு அது ஒரு வசதி.

வாயில் உலோகச் சுவை வரும், சிறுநீர் சற்றுக் கருக்கலாம். பயப்பட வேண்டாம். மருந்து முடியும்வரை மது கூடாது. கை கால் மரத்துப்போனால் சொல்லிவிடுங்கள். அப்புறம், லேசான வயிற்றுப்போக்குக்கெல்லாம் கடையில் இரண்டு மாத்திரை கிள்ளி வாங்கிப் போடும் பழக்கத்தை விடுங்கள்.

"அமிகாசின் ஓடுது, ஆனா சீழ் குறையல. ரெசிஸ்டன்ஸா?"

இது பயிற்சி மருத்துவர்கள் கேட்பது. ஜென்டாமைசின், அமிகாசின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் செல்லுக்குள் நுழையவே ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் ஒரு ஏற்பாடு தேவை. காற்றில்லா பாக்டீரியாவில் அது கிடையாது. அதனால் இது பிறவியிலேயே வேலை செய்யாத மருந்து, புதிதாக வந்த எதிர்ப்பு அல்ல. எலிச் சோதனையில் ஜென்டாமைசின் மட்டும் கொடுத்தவற்றுக்குக் கட்டி வந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான எதிர்ப்பும் உண்டு. பாக்டீராய்டிஸில் கிளிண்டாமைசின் இப்போது நம்பகமாக வேலை செய்வதில்லை. மருந்தைக் குறை சொல்வதற்கு முன்னால், வடிக்காத சீழ் எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று ஒருமுறை ஸ்கேன் பார்த்துவிடுங்கள்.

"கல்ச்சர் ரிப்போர்ட்ல ஒண்ணும் வளரலன்னு வந்திருக்கு. அப்ப கிருமியே இல்லையா?"

இல்லவே இல்லை என்று அர்த்தம் கிடையாது. மாதிரியைத் தட்டில் போட்டுக் கிருமியை வளர்த்துப் பார்ப்பதுதான் கல்ச்சர். சாதாரணக் கல்ச்சரைக் காற்றில்தான் வைக்கிறோம். பாஸ்டரின் துளியின் ஓரத்தில் நடந்ததுதான் அங்கேயும் நடக்கும். ஸ்லைடில் சாயம் போட்டுப் பார்த்தபோது மூன்று நான்கு வடிவங்களில் பாக்டீரியா தெரிந்து, கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போனால் அதுவே காற்றில்லாதவை இருப்பதற்கு வலுவான குறிப்பு. ரிப்போர்ட்டில் அந்தச் சாயச் சோதனைக்கு கிராம் ஸ்டெயின் என்று ஒரு வரி இருக்கும், அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

"ஸ்வாப் அனுப்பினோம், வேணாம்னு திருப்பிட்டீங்க. ஏன் சிஸ்டர்களை அலைய விடுறீங்க?"

அலைச்சல் புரிகிறது, மன்னியுங்கள். ஆனால் பஞ்சுக் குச்சியில் ஒட்டியிருக்கும் இத்தனூண்டு சீழ் காய்ந்து, காற்றுபட்டு, லிஃப்ட் இறங்கி வருவதற்குள் பாதி செத்துவிடும். சிரிஞ்சில் இரண்டு மில்லி சீழ் எடுத்து, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, ஊசியைக் கழற்றி, ஸ்டெரைல் மூடி போட்டுக் கொடுத்தால் அதே பாக்டீரியா உயிரோடு வந்து சேரும். உடனே அனுப்ப வேண்டும், அறைச் சூட்டிலேயே அனுப்ப வேண்டும். வெளியிலிருந்து பைக்கில் கொண்டுவருபவர்கள் சென்னை வெயிலில் டேங்க் கவரில் வைக்க வேண்டாம். ஃப்ரிட்ஜும் கூடாது.

நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு மருத்துவமனையில், மூளைக் கட்டியிலிருந்து எடுத்த சீழ் இரவில் வந்தது. காலைவரை கெடாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு யாரோ ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டார்கள். காலையில் ஸ்லைடில் மூன்று வகை பாக்டீரியா தெரிந்தது, ஒன்றுகூட வளரவில்லை. மண்டையோட்டைத் துளைத்து எடுத்த மாதிரி அது, இன்னொரு முறை கேட்க முடியாது. அன்றிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

"தொண்டை ஸ்வாப், மோஷன் எல்லாத்துலயும் அனரோப் கல்ச்சர் போட்டுப் பாத்துடலாமே?"

போட்டால் கட்டாயம் வளரும், எல்லோருக்கும் வளரும். முதல் பதிலில் சொன்ன குடியிருப்புகள் அவை. வளர்ந்ததை வைத்து நோய் என்று சொல்ல முடியாது. அதனால்தான் இருமித் துப்பிய சளி, மலம், பிடித்துக் கொடுத்த சிறுநீர், பிறப்புறுப்பு ஸ்வாப் எதையும் இதற்கு எடுத்துக்கொள்வதில்லை. இயல்பாக பாக்டீரியா இருக்கக்கூடாத இடத்திலிருந்து, ஊசி வழியாகவோ அறுவையிலோ எடுத்தது வேண்டும்.

இதே சிக்கலின் இன்னொரு முகம் ரத்தக் கல்ச்சரில் வரும். க்யூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற தோல் பாக்டீரியா ஒரே ஒரு பாட்டிலில், நாலைந்து நாள் கழித்து வளர்ந்தால் பெரும்பாலும் ஊசி போடும்போது தோலிலிருந்து வந்ததுதான். ஆனால் செயற்கை மூட்டோ, இதய வால்வோ, மூளையில் நீர் வடிக்கும் குழாயோ வைத்திருப்பவரிடம் அது திரும்பத் திரும்ப வளர்ந்தால் லேசாக விடக்கூடாது.

"ரிப்போர்ட்டுக்கு ஏன் ஒரு வாரம்? பக்கத்து பெட்காரருக்கு ரெண்டு நாள்ல வந்துடுச்சே?"

காற்றை வெளியேற்றிய ஜாடியில் வளர்க்க வேண்டும். 1916-ல் மெக்கின்டாஷும் ஃபில்டஸும் வடிவமைத்த ஜாடியின் வழிவந்தவையே இன்றும் பல ஆய்வகங்களில் இருக்கின்றன. மெதுவாக வளர்பவை என்பதால் 48 மணி நேரத்துக்கு முன் திறப்பதில்லை. திறந்தால் அப்போதுதான் வளரத் தொடங்கியவையும் செத்துவிடும். அப்புறம் கலந்து வளர்ந்த நாலைந்தைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் காற்றில் வளர்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். இதற்காக சிகிச்சை காத்திருப்பதில்லை. இடத்தையும் ஸ்லைடையும் வைத்து மருத்துவர் அன்றே மருந்தைத் தொடங்கிவிடுவார்.

"ஆன்டிபயாடிக் முடிச்சு ஒரு வாரம் ஆச்சு, இப்ப தண்ணியா போகுது. தயிர் சாதம் சாப்பிட்டா சரியாகுமா?"

மருந்து, கெட்ட கிருமியோடு சேர்த்துக் குடலின் சொந்தக் கூட்டத்தையும் குறைத்துவிட்டது. அந்தக் கூட்டம் இருக்கும்வரை இடம் கிடைக்காத கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற இன்னொரு காற்றில்லா பாக்டீரியா இப்போது பெருகி நஞ்சைச் சுரக்கலாம். இந்த நோய்க்கு அதுதான் காரணம் என்று 1978-ல் கண்டுபிடித்தார்கள். எல்லா வயிற்றுப்போக்கும் இதுவல்ல, ஆனால் காய்ச்சல், வயிற்று வலி, ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் என்றால் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒட்டாது என்று சொன்னதற்கு விதிவிலக்கு இதுதான். இது விதை போன்ற உறைவடிவில் வெளியே பலநாள் உயிரோடு இருக்கும். சானிடைசரில் சாகாது, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும்.

தயிர் சாதமும் பழைய சோறும் நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் தயிரின் பாக்டீரியா குடலில் நிரந்தரமாகக் குடியேறுவதில்லை. நம் சொந்தக் கூட்டத்துக்குத் தீனி நார்ச்சத்துதான்: கீரை, அவரை, கொத்தவரை, பயறு, வாழைத்தண்டு. அதைத் தின்று அவை செய்யும் ப்யூட்டிரேட் என்ற அமிலம்தான் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய உணவு. சுவரைக் கட்டிக் காப்பதும் அவையே. "எல்லாத்தையும் மருந்து போட்டு அழிச்சிட்டா என்ன?" என்று கேட்டவர்களுக்கும் இதுதான் பதில்.

"பல்லு பிடுங்கி மூணு மாசம் ஆகுது. தாடையில கல்லு மாதிரி வீக்கம், ஓட்டை போட்டு வடியுது. மெட்ரோனிடசோல் கேக்கல. ஆறு மாசம் பென்சிலின்னு சொல்றாங்க, நிஜமா?"

நிஜம்தான், ஆக்டினோமைகோசிஸாக இருந்தால். காரணமான ஆக்டினோமைசிஸ் வாயில் எல்லோருக்கும் இருப்பது. மெதுவாக வளரும், வலி அதிகம் இருக்காது, திசுக்களின் எல்லைகளை மதிக்காமல் ஊடுருவிப் போகும். கல் போல இருப்பதால் புற்றுநோய் என்று பயந்து பயாப்சிக்கு வருபவர்கள் உண்டு. மெட்ரோனிடசோல் காற்றில்லா பாக்டீரியாவுக்கான மருந்து என்று மேலே சொன்னேன். ஆக்டினோமைசிஸ் அதற்கு இயல்பாகவே அடங்காது, தோலின் க்யூட்டிபாக்டீரியமும் அடங்காது. பென்சிலினுக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் இறுகிய தழும்புத் திசுவுக்குள் மருந்து ஊறி இறங்க மாதக்கணக்கில் ஆகும். நோயின் அளவைப் பொறுத்து ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம். வீக்கம் வற்றியதும் நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும்.

வடியும் சீழில் கந்தகம் போல மஞ்சளாகச் சிறு மணிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். அவை அந்தப் பாக்டீரியாவின் கொத்துகள். ட்ரெஸ்ஸிங் பிரிக்கும்போது துணியில் அப்படி ஏதாவது ஒட்டியிருந்தால் தூக்கிப் போடாமல், துணியோடு ஸ்டெரைல் டப்பாவில் போட்டு லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். சீட்டில் "ஆக்டினோமைசிஸ் சந்தேகம்" என்று மருத்துவர் ஒரு வரி எழுதிவிட்டால், தட்டுகளை இரண்டு வாரம் வரை தூக்கிப் போடாமல் வைத்திருந்து பார்ப்போம்.